பதின்மூன்று மஞ்சள் வட்டங்கள்

தையல்காரரின் மனைவி சண்டை போட வந்திருந்தால் ஸ்டெனோ அம்மாவுக்கு எவ்வளவோ தேவலை என்றிருந்திருக்கும். அந்த அம்மாள் அழவில்லை, ஏசவில்லை. மேஜை மேல் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்தாள்.

"அவருக்கு இது இல்லைன்னா எதிர்ல நிக்கிறவங்க முகமே தெரியாது. ஸ்டேஷன்ல என்னை உள்ளே விட மாட்டேங்கிறாங்க. உங்களை விடுவாங்க, இல்லையா?"

அவ்வளவுதான். படியிறங்கிப் போய்விட்டாள். அந்த 'இல்லையா'வில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் குத்தியது.

தையல்காரரை உள்ளே தள்ளியது ஸ்டெனோ அம்மாவின் வாய்தான். இருபத்திரண்டு வருஷம் கோர்ட்டில் உட்கார்ந்து ஊரார் சொன்ன மெய்யையும் பொய்யையும் சுருக்கெழுத்தில் எழுதித் தள்ளியவள். வேலையை விட்டதும் சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் தன் வீட்டு அறையில் மண்டை உடைந்து கிடந்தார். ஆஸ்பத்திரியில் இன்னும் நினைவு திரும்பவில்லை. அன்று மத்தியானம் அவரோடு மேஜைப் போர், அதாவது அட்டைகளைப் படைகளாக நகர்த்துகிற பலகை ஆட்டம், ஆடியவர் தையல்காரர். முப்பது வருஷச் சிநேகம், ஞாயிறு தவறாத ஆட்டம்.

"நாலு மணிக்கே எழுந்து போயிட்டேன்" என்றார் தையல்காரர். நாலு மணி வாக்கில் அவர் கத்திய கத்தல் தெருவுக்கே கேட்டதாக அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். அவளை யோசனைக்கு அழைத்திருந்த இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது ஸ்டெனோ அம்மா ஆட்டப் பலகையை ஒரு பார்வை பார்த்தாள். ஒரே போடாகப் போட்டாள்.

"ரெண்டு மணிக்கு ஆரம்பம். சுற்றுக்கு அரை மணின்னு மணியடிக்கிற கடிகாரம் வெச்சு ஆடறவங்க. பலகையில ஏழாவது சுற்று ஓடுது. ஆக, அஞ்சு மணி தாண்டியும் எதிராளி இங்கதான் இருந்திருக்கார்."

இன்ஸ்பெக்டரின் புருவம் மேலே போனது. அதைப் பார்த்து மனசுக்குள் சின்னதாக ஒரு குளிர்ச்சி வந்ததே, அதை நினைத்தால்தான் இப்போது அவளுக்குக் கூசியது.

"அக்கா, அந்தக் கூட்டையே எத்தனை நேரம் முறைப்பீங்க? அது ஒண்ணும் வாக்குமூலம் தராது" என்றான் கண்டக்டர். பதினெட்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தவன். பஸ் கம்பெனியை இழுத்து மூடிய பிறகு அம்மாவிடம் உதவியாளாக ஒட்டிக்கொண்டான்.

"கிளம்பு. ஸ்டேஷனுக்கு."

"ரைட், ரைட்."

*

தையல்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்பிக்கு இந்தப் பக்கம் பார்த்தார்.

"கண்ணாடி போட்டதும் முதல்ல உங்க முகத்தையா பார்க்கணும்?"

"வேற முகம் வேணும்னா நான் இருக்கேன்" என்று கண்டக்டர் தலையை நீட்டினான். தையல்காரருக்குச் சிரிப்பு வரப் பார்த்து, திரும்பிப் போய்விட்டது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள் ஸ்டெனோ அம்மா. "நாலு மணிக்குப் போனீங்கன்னா, அதுக்கப்புறம் உங்க காலாட்படை எப்படி நகர்ந்தது? டாக்டர் உங்க அட்டையைத் தொட மாட்டார்னு நீங்களே சொன்னீங்க."

"செத்தாலும் தொட மாட்டார். எனக்கு அதுதான் புரியலை. நான் போறப்ப என் ஆளுங்க எல்லாம் பாலத்துக்கு இந்தப் பக்கம் அடி வாங்கிக் கிடந்தாங்க. முப்பது வருஷமா அந்தப் பாலத்துலதான் என் கதை முடியுது. அன்னிக்கும் முடிஞ்சது. கோபத்துல பகடையை வீசிட்டுப் போயிட்டேன்."

"பாலத்துல ஒருத்தரும் இல்லையே. ஏழு அட்டை ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்குது. நூல் மில்லுக்குப் பின்னால."

"எங்கே?"

"மில்லுக்குப் பின்னால. ரயில்வே ஸ்டேஷனுக்கு இன்னும் ரெண்டு கட்டம்தான்."

தையல்காரர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்தார். பிறகு ரொம்பச் சாதாரணமாக, அளவு சொல்கிற குரலில் சொன்னார்:

"இன்ஸ்பெக்டரைக் கூப்பிடுங்க. நான்தான் அடிச்சேன். எழுதிக்கட்டும்."

இன்ஸ்பெக்டர் ஓடி வந்தார், எழுதினார். மூன்று மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவதாகச் சொன்னார். "மேடம், உங்க கணக்கு கணக்குதான்!" என்று கையைக் குலுக்கினார். ஸ்டெனோ அம்மாவுக்குக் கையைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

வெளியே வந்ததும் கண்டக்டர் சோம்பல் முறித்தான். "கடைசி ஸ்டாப் வந்தாச்சு அக்கா. எல்லாரும் இறங்கலாம்."

"எதால அடிச்சீங்கன்னு இன்ஸ்பெக்டர் கேட்டாரே, தையல்காரர் என்ன பதில் சொன்னார்?"

"கையில கிடைச்சதாலன்னார்."

"என்ன கிடைச்சது?"

"ஞாபகம் இல்லையாம்."

"முப்பது வருஷம் அந்த அறையில உக்காந்தவர். எந்தச் சாமான் எங்க இருக்கும்னு கண்ணைக் கட்டிவிட்டாக்கூடச் சொல்லுவார். அடிச்சிருந்தா ஞாபகம் இருக்கும்." அம்மா வாசற்படியிலேயே நின்றாள். "மில்லுன்னு சொன்ன பிறகுதான் ஒத்துக்கிட்டார் கண்டக்டர். அதுவரைக்கும் அவருக்கே புரியலை. அந்த ஒரு வார்த்தையில அவருக்கு என்னவோ புரிஞ்சு போச்சு."

"யாரையாவது காப்பாத்தறாரா?"

அம்மா பையிலிருந்து சுருக்கெழுத்து நோட்டை எடுத்தாள். நேற்று தையல்காரர் ஆட்டத்தைப் பற்றி நீட்டி முழக்கியபோது, 'அதெல்லாம் வேண்டாம், எத்தனை மணிக்குப் போனீங்க' என்று வெட்டிவிட்டிருந்தாள். ஆனால் பழகிய கை பாருங்கள், காது தள்ளிவிட்டதையும் அது பாட்டுக்கு எழுதி வைத்திருந்தது. கோடும் வளைவுமாக நாலு வரி. அதைப் படித்ததும் நடையை வேகப்படுத்தினாள்.

"என்ன எழுதியிருக்கு?"

"'ஓடிச் சண்டை போட்ட ஆளுக்குக் களைப்பு. ஒரு சுற்று ஓய்வு, நகரக்கூடாது. அடையாளத்துக்கு நான் என் ஆளுங்க மேல பொத்தான் வைப்பேன். டாக்டர் பஞ்சு உருண்டை வைப்பார்.'"

"பொத்தானா?" கண்டக்டர் விரலைச் சொடுக்கினான். "ஸ்டேஷன் மேஜையில அவர்கிட்ட எடுத்த சாமானெல்லாம் இருந்ததே. இஞ்ச் டேப், சாக்கட்டி, ஒரு தகர டப்பி. குலுக்கிப் பார்த்தேன். சில்லறைன்னு ஆசைப்பட்டேன், பொத்தான்."

"அப்ப பொத்தான் அவரோடவே வீட்டுக்குப் போயிடுச்சு. பலகையில களைச்சவங்க மேல என்ன இருக்கு?"

*

பல் டாக்டரின் அறையில் இன்னும் கிராம்புத் தைல வாசனை. நடுவில் சாய்கிற இரும்பு நாற்காலி, சுவரோரம் கண்ணாடி அலமாரி, ஜன்னலருகே வட்ட மேஜை. மேஜை மேல் ஆட்டத்து ஊர். ஆறு, ஒரே ஒரு பாலம், நூல் மில், மணிக்கூண்டு, ரயில்வே ஸ்டேஷன், எல்லாம் தேன்கூடு மாதிரி கட்டம் பிரித்த வரைபடத்தில். கட்டங்களில் நகம் பெரிசு அட்டைகள்: நீலம் ஊரைக் காக்கிற டாக்டரின் படை, பழுப்பு ஊரைப் பிடிக்க வந்த தையல்காரரின் காலாட்படை. எட்டுச் சுற்றுக்குள் ஸ்டேஷனைப் பிடித்தால் பழுப்புக்கு வெற்றி.

கதவைத் திறந்துவிட்டவள் டாக்டரின் மகள். நாற்பதைத் தொட்டவள், இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. மூன்று நாளாகத் தலை வாரியதாகத் தெரியவில்லை. "டீ போடறேன்" என்று உள்ளே போனாள்.

"இந்த ஆட்டத்துக்கு ஒரு விதிப் புத்தகம் இருக்கணுமே" என்றாள் அம்மா.

கண்டக்டர் அலமாரியின் உச்சித் தட்டைக் காட்டினான். மூலையிலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான். ஸ்டூல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அலமாரியைக் கட்டிப்பிடித்துத்தான் தப்பித்தான்.

"அடேயப்பா! எங்க பன்னெண்டாம் நம்பர் பஸ்கூட இதைவிட நேரா நிக்கும். அக்கா, ஒரு வேடிக்கை. மேல இருக்கற எல்லாப் புத்தகத்து மேலயும் விரல்கனத்துக்குத் தூசி. இது மட்டும் குளிச்சுட்டு வந்திருக்கு."

அவன் நீட்டிய மெல்லிய புத்தகத்தை அம்மா வாங்கிக்கொண்டாள். ஆனால் கண் பலகையில் இருந்தது. நீல அட்டைகளில் சிலவற்றின் மேல் பஞ்சு உருண்டை. சரி. பழுப்பு அட்டைகளில் பதின்மூன்றின் மேல் மிளகு பெரிசுக்கு மஞ்சள் காகித வட்டம். அன்றைக்கும் பார்த்தாள்தான், பெட்டியோடு வந்த சாமான் என்று எண்ணிவிட்டாள்.

கண்டக்டர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். அவன் முகத்தில் பழைய சிநேகிதனைப் பார்த்த சந்தோஷம்.

"அக்கா, இது ஆட்டச் சாமான் இல்லை. பஞ்ச் பண்ணின ஓட்டை. பதினெட்டு வருஷம் சட்டைப் பையில இருந்து இதைத் தட்டியே என் பெஞ்சாதி ஓய்ஞ்சு போயிட்டா. என்னது இதைவிடப் பொடிசு. இது கோப்பு கட்டறதுக்கு ஓட்டை போடற மெஷின்ல விழறது."

அடுத்த அறைக் கதவு திறந்திருந்தது. அங்கே மேஜை நிறைய இன்சூரன்ஸ் ஆபீசின் மஞ்சள் தாள் கோப்புகள். பக்கத்தில் பஞ்சிங் மெஷின்.

அம்மா மறுபடி பலகைப் பக்கம் திரும்பினாள். பஞ்சு ஒரு கை. பொத்தான் ஒரு கை. காகிதம் யார் கை?

"தையல்காரரே பொத்தானை எடுத்துட்டு இதை வெச்சிருந்தா?" என்றான் கண்டக்டர்.

"சிநேகிதன் மண்டையை உடைச்சுட்டு, நிதானமா உக்காந்து பதின்மூணு காகிதத்தை ஒவ்வொண்ணா வெச்சிருப்பாரா?"

"நானா இருந்தா ஓடியிருப்பேன். செருப்பைக்கூட விட்டுட்டு."

டீத் தட்டோடு மகள் வந்தாள். ஸ்டெனோ அம்மா மில்லுக்குப் பின்னால் நின்ற ஒரு பழுப்பு அட்டையை, மேலிருந்த மஞ்சள் வட்டத்தோடு, இரண்டு விரலால் எடுத்தாள். தானாகப் பேசிக்கொள்கிற மாதிரி, "இப்படி ஒரு எட்டு வெச்சா ஸ்டேஷன்தான்" என்று ஸ்டேஷன் கட்டத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

"ஐயோ, அது நகராது மேடம். இறங்கி வந்த களைப்பு. இடது பக்கம் ரெண்டு பேர் சும்மா இருக்காங்க பாருங்க, அவங்களை…"

மகளின் வாய் அப்படியே நின்றது. கண்டக்டர் ஒரு எட்டில் போய்த் தட்டை வாங்கிக் கீழே வைத்தான். நாக்கு நுனியில் ஒரு கிண்டல் வந்திருக்கும், விழுங்கிவிட்டான்.

"உக்காரும்மா" என்றாள் ஸ்டெனோ அம்மா. "எந்த நாற்காலியில உக்காந்து ஆடினியோ, அதுலயே உக்காரு."

அவள் தையல்காரரின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தையல்காரச் சித்தப்பா கோச்சுக்கிட்டுப் போயிட்டார். அப்பா பலகையைக் கலைக்கப் போனார். நான் ஆடறேன்ப்பான்னேன். சிரிச்சார். 'உனக்கென்ன தெரியும்?'னார். முப்பது வருஷம் இதே அறைக்குத் தட்டு தூக்கிட்டு வர்றேன் மேடம். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம் நின்னு பார்த்தாலே தெரியாதா? சரி, உக்காருன்னார். ரெண்டு சுற்று ஆடினோம். நான் பாலத்துக்குப் போகலை. ஆத்துல இறக்கினேன்."

"அப்பா ஒத்துக்கலை."

"ஏழாவது சுற்றுலதான் கவனிச்சார். 'ஆத்துல யாரும் இறங்க முடியாது, பாலம்தான் வழி, முப்பது வருஷமா அப்படித்தான்'னு கத்தினார். புத்தகத்துல இருக்குன்னேன். 'எடு பார்க்கலாம்'னார். நான்…" அவள் கையைப் பிசைந்தாள். "'என்னை ஏமாத்துக்காரின்னு சொன்னது நீங்க. நீங்களே எடுங்க'ன்னு சொல்லிட்டு மாடிக்குப் போயிட்டேன். துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். தடால்னு சத்தம் கேட்டுது மேடம். கேட்டுது. தோத்தா புத்தகத்தை வீசறது அவர் வழக்கம். வீசட்டும்னு இருந்துட்டேன். ஆறு மணிக்குத்தான் இறங்கி வந்தேன்."

யாரும் டீயைத் தொடவில்லை.

"ஸ்டூலை நிமிர்த்தி மூலையில வெச்சதும், புத்தகத்தை மேல வெச்சதும்?"

"நான்தான். எதுக்காக ஏறினார்னு யாரும் கேட்டுடக் கூடாதுன்னு."

"பலகையை மட்டும் ஏன் கலைக்கலை?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஜெயிக்கப் போற ஆட்டம் மேடம். அப்பா அடிபட்டுக் கிடக்கார், ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிட்டு நிக்கறேன், அப்பவும் என் கண்ணு பலகையைப் பார்க்குது. இப்படி ஒருத்தி இருப்பாளா?"

"சித்தப்பாவைக் கூட்டிட்டுப் போனாங்களே, அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம்."

"திறக்கத்தான் வந்தேன். நீங்க பேசிக்கிட்டிருந்தீங்க. ரெண்டு மணி, அரை மணி, ஏழாவது சுற்றுன்னு அவ்வளவு அழகாச் சொன்னீங்க. கேக்கக் கேக்க எனக்கே ஒரு நிமிஷம் அவர்தான் அடிச்சாரோன்னு இருந்தது. அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நிம்மதியா இருந்துது தெரியுமா?"

ஸ்டெனோ அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தெருவில் யாரோ ஷட்டரை இழுத்து விட்டார்கள். தையல்காரர் தானாகவே ஒத்துக்கொண்டாயிற்று. இன்ஸ்பெக்டர் கையைக் குலுக்கியாயிற்று. இந்த அறையில் இருப்பது மூன்று பேர். மூன்று பேரும் சும்மா இருந்தால் போதும், அவள் பேர் கெடாது. இந்த யோசனை வந்து போக ஒரு மூச்சு நேரம் ஆனது. வந்ததே என்று அவளுக்கு உடம்பு கூசியது.

"மணி என்ன கண்டக்டர்?"

"ரெண்டே கால். ஓடினா பிடிச்சுடலாம் அக்கா."

"சித்தப்பா ஒத்துக்கிட்டார்மா" என்றாள் அம்மா, மகளிடம். "படை மில்லுக்குப் பின்னால நிக்குதுன்னு என் வாயால கேட்டதும் ஒத்துக்கிட்டார்."

மகள் எழுந்தாள். செருப்பைத் தேடவில்லை. கண்டக்டர்தான் எடுத்துக் கொடுத்தான்.

*

ஜீப் கிளம்பத் தயாராக நின்றது.

இன்ஸ்பெக்டர் முழுக்கக் கேட்டுவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "அவர் அடிக்கலைன்னு நேத்துப் பூரா சொன்னார், நீங்க அடிச்சார்னீங்க. இன்னிக்கு அவர் அடிச்சேங்கறார், நீங்க இல்லைங்கறீங்க. நீங்க ரெண்டு பேரும் முதல்ல பேசி முடிவுக்கு வந்துட்டு என்கிட்ட வாங்களேன்!"

நடந்ததைச் சொல்லித் தையல்காரரை வெளியே கொண்டுவந்தார்கள். மகள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"சித்தப்பா…"

அவர் திட்டவில்லை. பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்கக் கூடாத விஷயம் போலத் தணிந்து கேட்டார். "ஆத்துல இறங்கினியா?"

"ம்."

"இறங்க விடுதா?"

"மில்லுக்குப் பின்னால ஆழம் இல்லை சித்தப்பா. காலாட்படை இறங்கிக் கடக்கலாம், கடந்ததும் ஒரு சுற்று களைப்பு. புத்தகத்துல அப்படியே போட்டிருக்கு."

"முப்பது வருஷம்" என்று சிரித்தார் தையல்காரர். சிரிப்பு பாதியில் உடைந்தது. "உனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும். தட்டும் கையுமா நின்னுக்கிட்டு இதையேதான் கேட்ட. 'சித்தப்பா, ஆத்துல இறங்கினா என்ன?'ன்னு. நானும் உங்கப்பனும் சிரிச்சோம் பாரு, வயிறு வலிக்கச் சிரிச்சோம். போடி, போய் டீ கொண்டான்னு விரட்டினோம். எங்க ரெண்டு பேர்ல ஒருத்தன் அன்னிக்கு ஸ்டூல்ல ஏறி அந்தப் புத்தகத்தை எடுத்திருந்தா, இந்த வயசுல உங்கப்பன் ஏறியிருக்க வேண்டாம்."

"அதுக்காகச் செய்யாததைச் செஞ்சேன்னு சொல்வீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் கோச்சுக்கிட்டுப் போகாம இருந்திருந்தா அவ உக்கார நாற்காலி ஏது சார்? இதுல எனக்குப் பங்கே இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

மகள் வாக்குமூலம் கொடுக்க உள்ளே போனாள். தையல்காரரைப் போகலாம் என்றார்கள். அவர் போகவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். அவளையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன் என்றார்.

ஸ்டெனோ அம்மா அவர் எதிரே போய் நின்றாள். "தப்பு என்னுது" என்றாள். தையல்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை. சொல்லாதது நியாயம் என்று அவளுக்கும் பட்டது.

ஸ்டேஷன் ரைட்டர் ஒரு தாளை நீட்டினார். நேற்று அவள் கொடுத்த வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுவதற்கான தாள். எல்லாவற்றையும் அவரே நிரப்பியிருந்தார். காரணம் என்ற இடம் மட்டும் காலி.

"'புதிய தகவல் கிடைத்ததால்'னு போட்டுடறேன் மேடம். எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. உங்களுக்கும் கௌரவம்."

"புதுசா ஒண்ணும் கிடைக்கலை. முதல் நாளே எல்லாம் என் கண்ணு முன்னாலதான் இருந்தது."

"அப்ப என்னன்னு எழுதறது?"

"வீட்டுல மூணு பேர் இருந்தாங்க. நான் ரெண்டு பேரைத்தான் எண்ணினேன். டீ கொண்டு வந்தவளை ஆளாவே எடுத்துக்கலை. அதை எழுதுங்க."

ரைட்டர் பேனாவைத் தூக்கிக்கொண்டு விழித்தார். "இப்படியெல்லாம் எழுத மாட்டாங்களே மேடம்."

அம்மா கையை நீட்டிப் பேனாவை வாங்கிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற கண்டக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, நாற்காலியை மட்டும் அவள் பக்கம் நகர்த்திப் போட்டான். அவள் உட்காரவில்லை. நின்றபடியே குனிந்து, அந்தக் காலி இடத்தில், யார் எடுத்துப் படித்தாலும் புரிகிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக எழுதத் தொடங்கினாள்.